ஏமி ஜோன்சன்: விழுந்த இடத்தில் எழுந்தவர்

ஏமி ஜோன்சன் 1903 ஜூலை 1 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வியாபாரி. தோணிகள் கரையேறும் காலைப் பொழுதைப் பார்த்து வளர்ந்த எமக்கு அவரது வீடு அவ்வளவு அந்நியமானதல்ல.

ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் தட்டெழுத்துப் பணியில் சேர்ந்தார். 1928 இல் இலண்டன் விமானக் கழகத்தில் பறக்கக் கற்கத் தொடங்கினார். தனியாகப் பறக்க அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான நாட்கள் எடுத்தன. ஆனால் அவர் பறக்க மட்டும் கற்கவில்லை. அலுவலகம் போகுமுன் விமானக் கொட்டகைக்குச் சென்று, எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பழகினார். 1929 ஜூலையில் விமானி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் விமானத் தரைப் பொறியியலாளர் சான்றிதழும் கிடைத்தது. பிரித்தானியாவில் அதைப் பெற்ற முதற்பெண் அவரே.

அவுஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க எண்ணினார். தந்தையும் எண்ணெய் வணிகர் வேக்பீல்ட் பிரபுவும் பணம் கொடுக்க, 600 பவுணுக்கு ஏற்கனவே பாவித்த ஜிப்சி மொத் விமானம் ஒன்றை வாங்கினார். மரமும் துணியும் கொண்டு செய்த இரட்டைச் சிறகு விமானம் அது. இருக்கைக்கு மேல் கூரை கிடையாது. தந்தையின் மீன் வியாபாரச் சின்னமான ஜேசன் என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்.

1930 மே 5 ஆம் திகதி குரொய்டனிலிருந்து புறப்பட்டார். 1928 இல் பேர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாட்களில் அதே பயணத்தை முடித்திருந்தார். ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபோது ஏமி அவரைவிட இரண்டு நாட்கள் முந்தியிருந்தார்.

மே 13 ஆம் திகதி, ரங்கூனை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டியவர், இடம் தவறி இன்செயின் தொழினுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. சிறகு கிழிந்தது, சுழலி உடைந்தது, சில்லுப் பகுதியும் சேதமடைந்தது.

அந்தக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் திரண்டு வந்தனர். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே கிடைத்தன. அவற்றைப் பிரித்துச் சிறகுக்குப் போர்த்தினார்கள். மருதமுனைத் தறிகளை அறிந்த எமக்கு, துணியை நம்பி ஆகாயத்தில் ஏறுவதென்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. விமானத்தோடு கட்டி வந்திருந்த மேலதிகச் சுழலியைப் பொருத்தி, மே 16 ஆம் திகதி மீண்டும் புறப்பட்டார். ஜாவாவில் ஒரு சீனித் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் சிறகைக் குத்தின. அந்தத் துளைகளைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் மூடினார். ஒரு வைத்தியராக நான் மிகவும் ரசித்த சிகிச்சை அதுதான்!

மே 24 ஆம் திகதி டார்வினில் இறங்கினார். சாதனை கைநழுவிப் போயிருந்தது. ஆனால் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதற்பெண் அவரே. ஐந்து நாட்களின் பின் பிரிஸ்பேனில், பெருங்கூட்டத்தின் கண்முன்னே விமானம் வேலியில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. ஏமி எழுந்து வந்தார். ஜேசன் இன்று இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் தொங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களை இடத்துக்கிடம் கொண்டு சேர்க்கும் பணியில் இணைந்தார். 1941 ஜனவரி 5 ஆம் திகதி, மோசமான காலநிலையில் தேம்ஸ் கழிமுகத்தில் பரசூட்டில் குதித்தார். அவரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்த கப்பல் தளபதி வோல்டர் பிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37. 2004 டிசம்பர் 26 க்குப் பின், கபுறு இல்லாத பெயர்களை நெஞ்சில் சுமக்கும் எம் கரையோரக் குடும்பங்களுக்கு அந்தத் துயரம் விளங்கும்.

இந்த வாழ்க்கையை இம்மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சையில் இஸட் புள்ளி சற்றுக் குறைந்து, மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றுப்போனவள் என்றே எம் வீடுகளில் இன்னும் பார்க்கிறோம். அந்தப் பீடத்துக்குப் போனவள் நான். ஆகவே இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக உண்டு. இன்செயினில் ஏமியைக் காப்பாற்றியது பட்டமல்ல. கைத்தொழில் அறிவும், முகம் தெரியாத ஒரு கல்லூரியின் உதவியும்தான்.

உலகெங்கும் வாழும் சகோதரிகளே, அடுத்த பெறுபேறு வரும் நாளில் எம் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டிருந்தால், அந்த இன்செயின் மாணவர்களைப் போல நாம் அவள் பக்கத்தில் போய் நிற்போம், இன்ஷா அல்லாஹ்.