வட்டியில் விளைந்த கல்வி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

பணம் பத்தும் செய்யும் என்பது முதுமொழி. பத்தோடு பதினொன்றாகப் பல்கலைக்கழகம் ஒன்றையும் செய்யும் என்று காட்டியவர் செட்டிநாட்டரசர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்.

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கானாடுகாத்தானில் நகரத்தார் குலத்தில் பிறந்தார். மழை குறைந்த வறண்ட பூமி அது. எனவே அங்குள்ளோர் கடல் கடந்து இலங்கை, பர்மா, மலேயா நாடுகளில் வட்டிக்கடை வைத்துப் பொருள் ஈட்டினர். அண்ணாமலையாரின் குடும்பமும் அவ்வழியே செழித்தது.

1906இல் சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் வங்கி முறிந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்தது. நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியபோது, அதற்குத் துணைநின்றோருள் அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமிச் செட்டியாரும் ஒருவர்.

அண்ணாமலையார் அரசியலிலும் ஈடுபட்டார். 1920களில் டெல்லியில் கவுன்சில் ஆப் ஸ்டேட் எனப்பட்ட மேலவையில் அங்கம் வகித்தார். 1923இல் சர் பட்டமும், 1929இல் பரம்பரை ராஜா பட்டமும் ஆங்கில அரசு அளித்தது. விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் வரிசையில் அவர் இல்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியவை பட்டங்களல்ல. 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்து அங்கு அவர் அமைத்த தமிழ்க் கல்லூரிக்கு உ. வே. சாமிநாதையர் 1924இல் முதல்வராக வந்தார். பின்னர் தம் கல்லூரிகளையும் 20 இலட்ச ரூபாயையும் வழங்கினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. மாணவர் அங்கேயே தங்கிப் பயிலும் கலைக்கோயில் அது. 2013இல் தமிழக அரசு அதன் நிர்வாகத்தை ஏற்றது.

தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தெலுங்கும் வடமொழியும் கோலோச்சிய காலத்தில், தமிழ்ப் பாட்டுக்கும் இடம் வேண்டும் என்றார். எதிர்ப்பு எழுந்தது. இராஜாஜியும் கல்கியும் அவர் பக்கம் நின்றனர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று.

இத்தனையும் எண்ணிப் போற்றும்போதே என் மனத்தில் ஒரு கேள்வியும் எழுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் எனக்குக் கட்டணம் கட்டியதும் வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான். வட்டி என்ற சொல்லை எங்கள் வீட்டில் மெல்லத்தான் உச்சரிப்பார்கள். எனவே கடன் கொடுத்தவரின் புகழைப் பேசும்போது, கடன் வாங்கிய பர்மா உழவனை என்னால் மறக்க இயலவில்லை. காடு திருத்தி நெல் விளைவிக்க அவனுக்குக் கைகொடுத்தது செட்டிநாட்டுப் பணம். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் அடையவில்லை, அடகு நிலம் கைமாறியது. 1930களின் இறுதியில் கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம் வந்திருந்தது. நிலம் தேடிச் சென்றவர்களல்லர் அவர்கள். பணம் கேட்டவர்களுக்கு நிலம்தான் திரும்பி வந்தது. எனினும் இழந்தவனுக்கு அது இழப்பே.

அண்ணாமலையார் 1948 ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. நகரத்தார் அங்கே சேர்த்த வயல்கள் கைவிட்டுப் போயின. சிதம்பரத்தில் கல்வியாக மாறிய செல்வமோ நிலைத்தது. ஆண்டுதோறும் புதிய தலைமுறைக்குப் பயன் தருகிறது.

நண்பர்களே! நாளை நாமும் பொருள் ஈட்டுவோம். அது யாருடைய வியர்வையிலிருந்து வந்தது என்பதை மறவாதிருப்போம். அதில் ஒரு பங்கையாவது, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளின் கல்விக்குத் திருப்பிச் செலுத்துவோம். செட்டிநாட்டரசர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம் இதுவே.