பரங்கிமலை வாத்தியார் சட்டசபைக்குப் போன கதை

தாம்பரம் லோக்கல் டிரெயினில் போகும்போது பரங்கிமலை ஸ்டேஷன் வந்தால் மெட்ரோவுக்கு மாற ஓடுவோம், அவ்வளவுதான் நமக்கும் அந்த ஊருக்கும் உறவு. 1883-ல் அங்கே பிறந்தவர்தான் எம்.சி.ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா.

ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். (கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்தான்!) படிப்பு முடிந்ததும் வாத்தியார் வேலை. பள்ளிப் பாடநூல்களும் எழுதினார்.

1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை மாகாண சட்டசபைக்குள் போனார். அங்கே அவர் முதலில் கையில் எடுத்தது ஒரு பெயரை. அரசு ஆவணங்களில் இருந்த 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'ஆதி திராவிடர்', 'ஆதி ஆந்திரர்' என்று எழுத வேண்டும் என்று 1922-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி, அந்த வருஷமே அரசாணையும் வந்தது. பெயர்தானே, இதில் என்ன இருக்கு என்று கேட்கலாம். பள்ளியில் சேரும்போது எந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள் என்பது ஒரு வாத்தியாருக்குத் தெரியாதா என்ன?

1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் மீது பழி விழுந்தபோது கட்சித் தலைவர்களோடு முட்டிக்கொண்டார். 1923-ல் கட்சியை விட்டே வெளியேறினார். அப்புறம் டெல்லி மத்திய சட்டசபை.

இனிமேல்தான் சிக்கலான பகுதி. தனித்தொகுதி கேட்டுக்கொண்டிருந்தவர், 1932-ல் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு, ஒதுக்கீட்டு இடங்களோடு கூட்டுத்தொகுதி போதும் என்றார். தனித்தொகுதிக்காக வட்டமேஜை மாநாட்டில் வாதாடிய அம்பேத்கருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் நேர் எதிர் நிலை. இந்த ஒரு முடிவை வைத்தே அவரை ஓரம் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் அநியாயம்தான்.

ஏன்னா, 1937-ல் சில மாத இடைக்கால மந்திரிசபையில் அமைச்சராக இருந்துவிட்டு, அடுத்த வருஷம் ராஜாஜி ஆட்சியில் மறுபடி களத்தில் நின்றார். பொதுச்சாலை, கிணறு எதிலும் தீண்டாமை பாராட்டக் கூடாது என்ற அவருடைய மசோதா சட்டமானது. அடுத்து மாகாணம் முழுக்கக் கோயில் நுழைவு மசோதா. ராஜாஜி வாபஸ் வாங்கச் சொன்னார். ராஜா மாட்டேன் என்றார். ஓட்டெடுப்பில் தோற்றது.

காங்கிரஸ் மீதிருந்த நம்பிக்கை போனது. 1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, பத்து வருஷத்துக்கு முன் எதிர்த்து நின்ற அம்பேத்கரோடு சேர்ந்துபோய் கிரிப்ஸைச் சந்தித்தார். அடுத்த வருஷம், 1943-ல், காலமானார்.