கப்பலும் உள்ளமும்
வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களின் வாழ்க்கை

பேராதனைச் சந்தியிலே இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டிக்கும் மாத்தளைக்கும் செல்கின்றது. மற்றது நாவலப்பிட்டி வழியாக மலைமீது ஏறுகின்றது. நம் முன்னோருள் எத்தனையோ பேர் இச்சந்தியைக் கடந்தே மலைநாட்டுக்கு வந்தனர். 1914ஆம் ஆண்டிலே தலைமன்னார்க் கப்பற்பாதை திறக்கப்படுமுன், அவர்களிற் பலர் தூத்துக்குடியிலே கப்பலேறிக் கொழும்பிலே இறங்கிப் புகையிரதத்தில் வந்தவர்கள். தோட்டத்திற்கு வந்த தொழிலாளியும், கண்டிக் கடைத்தெருவுக்கு வந்த வணிகரும் அந்தக் கடலைத் தாண்டியே வந்தனர்.

அந்தக் கடற்பாதையிலேதான் ஒரு தமிழர் தம் மக்களின் பணத்தைக் கொண்டு கப்பல் விட்டார். அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்று உலகம் அறியும். 1961இல் வெளிவந்த திரைப்படத்திலே அவருடைய வீரத்தைக் கண்டு கண்ணீர் விடாதார் இலர். ஆயினும், ஒரு கம்பெனியைத் தொடங்கி நடத்திய மனிதராக அவரை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. முதலில்லாத ஒருவர் முதல் திரட்டியது எவ்வாறு? பெரும் போட்டியின் நடுவே அவருடைய உள்ளம் பட்ட பாடு என்ன? தொழில் அழிந்த பின்னும் அவர் அழியாது நின்றது எதனால்? சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் நம் இளைஞர்களும், அவர்களை எண்ணிக் கவலைப்படும் பெரியோர்களும் அறியவேண்டியவை இவையே.

வக்கீல் வணிகரானார்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஓட்டப்பிடாரத்திலே 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் சிதம்பரம்பிள்ளை பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை, தாயார் பரமாயி அம்மையார். வக்கீல் தொழிலிலே தேர்ச்சி பெற்றுத் தூத்துக்குடியிலே குடியேறினார். ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல் என்ற நற்பெயர் அவருக்கு உண்டாயிற்று. சைவ சித்தாந்தத்திலும் தமிழ் நூல்களிலும் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. அவர் அமைதியாக வாழ நினைத்திருந்தால் அவருக்குக் குறை ஒன்றும் இராது.

1906ஆம் ஆண்டு சென்னை சென்றபோது, இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடினார். சுதேசியம் நாட்டுக்கு இன்றியமையாதது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றுவதற்கு அச்சந்திப்பு ஒரு காரணமாயிற்று என்பர். அக்காலத்திலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனியின் கையிலே இருந்தது. ஆளும் அரிசியும் துணியும் எது போனாலும் கூலி அவர்களுக்கே சென்றது. அத்தடத்தை நம்மவர் கைக்குக் கொண்டுவர வேண்டும் எனப் பிள்ளையவர்கள் துணிந்தார்.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஆசிய மக்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்து செயலாளரானார். பிள்ளையவர்களுக்குக் கிடைத்த பதவி துணைச் செயலாளர் என்பதே. ஆயினும், பங்கு விற்க ஊர் ஊராய் அலைந்தவரும், ஐயுற்றோருக்கு விடை சொன்னவரும், எல்லாக் கவலையையும் தம் தலையிலே சுமந்தவரும் அவரே.

கப்பல் இல்லாத கப்பற் கம்பெனி

கம்பெனி பிறந்தது, கப்பல் இல்லை. ஷா லைன் என்னும் வேறொரு கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தே வேலையைத் தொடங்கினர். எதிர்க் கம்பெனி சும்மா இருக்குமா? அவர்களுடைய நெருக்குதலால் ஷா லைன் கம்பெனி தன் கப்பல்களை மீட்டுக்கொண்டது. சீட்டு வாங்கிய பயணிகளுக்கும் சரக்கு அனுப்ப இருந்த வணிகர்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும். பிள்ளையவர்கள் கலங்கினார், ஆனால் ஓயவில்லை. உடனே கொழும்பிலே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வேலை நின்றுவிடாமற் காத்தார். இலங்கைத் துறைமுகம் அவருக்கு அன்று கைகொடுத்தது என்பது நமக்குப் பெருமையே.

தொழிலுக்கு வேண்டிய கருவி பிறர் கையில் இருக்கும்வரை தொழில் தம்முடையதாகாது என்ற உண்மை அவருக்கு அப்பொழுது தெளிவாயிற்று. சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார். அப்புறப்பாட்டைப் பற்றி அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவது நெஞ்சை உருக்குவதாகும். அவருடைய மூத்த மகன் உலகநாதன் நோயுற்றுக் கிடந்தான். மனைவியார் மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார். இந்த நிலையிற் போகலாமா என்று நண்பர்கள் தடுத்தனர். அவர்களை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அவர் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலிலே மாள்வேன் என்று சூளுரைத்தார்.

வீரமான சொல்தான். ஆனால், அச்சொல்லைச் சொன்ன ஒரு தந்தையின் உள்ளம் எத்தனை துண்டாய்ப் பிளந்திருக்கும் என்பதையும் நாம் எண்ண வேண்டும். தொழில் தொடங்குகிறவன் வீட்டை விட்டுத் தனியே கடைக்குப் போவதில்லை. வீட்டின் கவலையையும் உடன் கொண்டே போகிறான். வீட்டார் கொடுக்கும் விலையும் அவனுடைய முதலிலே சேர்ந்ததுதான். ஐந்தொகையிலே அது எழுதப்படுவதில்லை.

1907ஆம் ஆண்டிலே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவிலே ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பயணிகள் செல்லலாம். நாலாயிரம் மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். அக்கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

எதிரியின் பணப்பை

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எதிர்க் கம்பெனி கொழும்புக்குரிய கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. எதிர்க் கம்பெனியோ, பணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள் என்றது. ஏறியவர்களுக்குக் குடையும் இனாமாகக் கொடுத்தது என்பர்.

இப்போட்டியின் கணக்கு மிக எளிது. பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனிக்குப் பல கடல்களிலே பல தடங்கள் இருந்தன. தூத்துக்குடித் தடத்தில் வரும் நட்டத்தை மற்றத் தடங்களின் இலாபத்திலே ஈடுசெய்யலாம். சுதேசிக் கம்பெனிக்கு வாழ்வும் சாவும் அந்த ஒரே தடத்திலே. ஒவ்வொரு நாளும் நிலக்கரிக்கும் மாலுமிகளுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். எட்டணாக் கட்டணத்தில் அது கட்டுமா? இதற்கு மேலே அதிகாரிகளின் இடையூறுகள் வேறு.

இவ்விடத்திலே நாம் மறைக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. கப்பல் வந்த நாளிலே ஆரவாரித்த மக்களுள்ளும், இனாமாய்ப் போகலாம் என்றதும் மாற்றான் கப்பலில் ஏறியோர் இருந்தனர். ஏழைத் தொழிலாளியைக் குற்றம் சொல்வது முறையன்று. அவன் மடியிலே அந்த எட்டணாவும் இராது. ஆயினும், கூட்டத்தின் கைதட்டு வேறு, நாள்தோறும் வாங்குகிறவனின் ஆதரவு வேறு என்பதை ஒவ்வொரு தொழிலாளனும் அறிந்தே இறங்க வேண்டும். கைதட்டை முதலாகக் கணக்கிட்டவன் ஏமாறுவான்.

இரண்டு பாரம், ஒரே தோள்

பிள்ளையவர்களுக்குக் கம்பெனி ஒன்றே வேலையாக இருக்கவில்லை. நாட்டு விடுதலைக்காக மேடைதோறும் முழங்கினார். 1908ஆம் ஆண்டு பெப்ருவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவுடன் முன்னின்று நடத்தி அவர்களுக்குக் கூலி உயர்வு பெற்றுக் கொடுத்தார். ஒரு முதலாளிக் கம்பெனியை நடத்தியவரே தொழிலாளர்க்காகவும் நின்றார் என்பது அவருடைய பெருமை.

ஆனால் அதன் விளைவைக் கம்பெனியும் சுமக்க நேர்ந்தது. அரசாங்கத்தின் கண்ணிலே கம்பெனி வேறு, கலகம் வேறு எனத் தோன்றவில்லை. பணம் போட்ட வணிகரிற் சிலர் அஞ்சியதும் இயல்பே. வணிகன் அமைதியை வேண்டுவான். போராளி அமைதியைக் குலைப்பான். இருவரும் ஒரே நெஞ்சிலே குடியிருந்தால் அந்நெஞ்சிற்கு உறக்கம் ஏது? அவர் செய்தது தவறு என்று கூற நமக்கு உரிமையில்லை. நாட்டுக்காகவே கம்பெனியைத் தொடங்கியவர், கம்பெனிக்காக நாட்டை மறப்பாரா?

1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியிலே பெருங்கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அத்தீர்ப்பைக் கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தங் கலங்கினார்; பின்னர் அவர் தெளியவேயில்லை. உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தபோதிலும், கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைவாசம் தொடர்ந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலே மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார்.

வெளியே கம்பெனி தள்ளாடிற்று. எல்லாக் கயிறுகளும் ஒருவர் கையிலே இருந்தன. அந்தக் கை விலங்கிடப்பட்டதும் கயிறுகளைப் பிடிப்பார் இலராயினர். கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றுள் காலியா எதிர்த்து நின்ற கம்பெனியின் கைக்கே போயிற்று. 1911ஆம் ஆண்டிலே கம்பெனி கலைக்கப்பட்டது. தாம் பெற்ற பிள்ளையைப் பகைவர் கொண்டுபோனதைச் சிறைக்குள்ளிருந்து கேட்கும் தந்தையின் நிலை அவருக்கு.

சிறைக்குள் ஒரு நூல்

அந்நிலையிலே அவர் செய்தது என்ன? ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் அலன் எழுதிய, மனத்தின் ஆற்றலைப் பற்றிய நூலை மனம்போல வாழ்வு என்னும் பெயரிலே தமிழாக்கினார். மெய்யறம் போன்ற நூல்களைச் செய்தார். உடல் செக்கைச் சுற்றியது; உள்ளம் அறத்தைச் சுற்றியது. கம்பெனி தம்முடையதே ஆயினும் தாம் கம்பெனி மட்டும் அல்லர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த உணர்வே அவரைக் காத்தது எனலாம்.

1912ஆம் ஆண்டு டிசெம்பரிலே விடுதலையானார். சிறை வாயிலிலே பெருங்கூட்டம் இல்லை. நோயுற்ற நண்பர் சுப்பிரமணிய சிவா காத்திருந்தார். வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலே சிறுசிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. பத்து இலட்ச ரூபாய்க் கம்பெனியை உருவாக்கியவர் அன்றாடச் சோற்றுக்கு அல்லற்பட்டார். ஆயினும் கசப்பு அவரை வெல்லவில்லை. வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தபோது, அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். 1935ஆம் ஆண்டிலே சிவஞானபோதத்திற்கு எளிய உரை எழுதி வெளியிட்டார். தம் இறுதிக் காலத்திலே, கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களையும் ஒன்றொன்றாகக் குறித்துவைத்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலே இறைவனடி சேர்ந்தார்.

நாம் கொள்ள வேண்டியது

இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2011ஆம் ஆண்டிலே அதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்திலே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கிச் சில மாதங்களிலே நின்றுபோயிற்று. அந்நியர் ஆட்சியும் இல்லை, கட்டணப் போரும் இல்லை. இருந்தும் வரவு செலவைத் தாங்கவில்லை. கடல் வாணிகம் அத்துணைக் கடினமானது. அதனை நூறாண்டுக்கு முன் பகைக்கு நடுவே நடத்திக் காட்டியவரின் முயற்சியைத் தோல்வி என்று ஒரே சொல்லிலே முடித்துவிடலாமா?

இளைஞர்களே! தொழில் தொடங்க எண்ணுவீராயின், கருவியைச் சொந்தமாக்கிக் கொள்ளுங்கள். எதிரியின் பணப்பை எவ்வளவு ஆழமானது என்று முன்னரே அளந்து பாருங்கள். முழுப் பாரத்தையும் ஒருவர் தோளிலே ஏற்றாதீர்கள். நீங்கள் நோயிற் கிடந்தாலும் கணக்கு எழுதவும் கடை திறக்கவும் ஆள் இருக்கட்டும். உள்ளம் சோர்ந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். இரும்பு நெஞ்சினர் என நாம் போற்றும் சிதம்பரனாருக்கும் நண்பரின் துணை வேண்டியிருந்தது.

பெரியோர்களே! உத்தியோகம் கிடைக்காத பையன் கடை வைத்தால் சிரிப்பதும், கடை மூடினால் மாப்பிள்ளைப் பேச்சை நிறுத்துவதும் நம்மிடையே உண்டு. அவன் பெரிய கடையோடு போட்டியிடும்போது ஐந்து ரூபாய் குறைவென்று நாமும் மறுபக்கம் போய்விடுகிறோம். பின்னர் நம் பிள்ளைகளுக்குத் துணிவு இல்லை என்று குறைப்படுகிறோம். தொழில் நொடித்தவனின் நாணயத்தைப் பாருங்கள். அது கெடாதிருந்தால் அவனுக்கு இன்னொரு முறை கைகொடுங்கள். விடுதலையான நாளிலே சிறை வாயிலில் கூட்டம் இல்லாமற் போன குறை நம் ஊரிலேனும் நிகழாதிருக்கட்டும்.

திருக்குறளிலே ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமாக இடுக்கணழியாமையை வைத்தார் வள்ளுவர். முயற்சியைச் சொன்னவர், துன்பம் வந்தபோது மனங் கலங்காமையையும் உடனே சொன்னார். அவ்விரண்டும் ஓருருவாய் வாழ்ந்தவர் சிதம்பரம்பிள்ளையவர்கள். அப்பெரியாரின் நினைவு நம் இளைஞர்க்கு ஊக்கமும் தெளிவும் தருவதாக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அவர்கள் முயற்சிக்குத் துணை நிற்பதாக.