நினைவை அளந்த அறிஞர்

செய்யுளை மனனம் செய்வோர் உலகெங்கும் உளர். மனனம் செய்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் செர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ்.

1850 ஜனவரி 24 அன்று பார்மன் நகரில் வணிகர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழிநூலும் பயிலத் தொடங்கி, மெய்யியலில் நாட்டம் கொண்டு 1873 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழ்ந்த நாள்களில், பாரிஸ் பழைய புத்தகக் கடையொன்றில் ஃபெக்னரின் நூல் அவர் கைக்குக் கிட்டியது என்பர். புலனுணர்வை எண்ணால் அளக்க முயன்ற நூல் அது. புலனுணர்வை அளக்கலாமெனில் நினைவையும் அளக்கலாம் என்று எபிங்ஹவுஸ் துணிந்தார்.

ஆய்வுக்கு அவர் தம்மையே உட்படுத்திக்கொண்டார். வழக்கிலுள்ள சொல் ஒவ்வொன்றும் பழைய தொடர்புகளைச் சுமந்து வருவது. அதனால் மனனத்தின் உழைப்பைத் தனியே அளக்க இயலாது. ஆகவே இரு மெய்களுக்கிடையே ஓர் உயிர் அமைந்த, பொருளற்ற அசைகள் ஏறக்குறைய 2300 ஆக்கினார். அவற்றைத் தொடர்களாக்கி, மாறாத தாளகதியில் படித்து, பிழையின்றி ஒப்பிக்கும்வரை உருப்போட்டார். இடைவெளிவிட்டு மீண்டும் கற்று, மிச்சமான நேரத்தைக் கணக்கிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் முதல் உழைப்பில் பாதிக்கு மேல் வீணாகியிருந்தது. ஒரு நாளில் மூன்றில் இரு பங்கு போயிற்று. அதன்பின் மறதியின் வேகம் தணிந்தது. ஒரு திங்கள் சென்றும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சி நின்றது. இம்முடிவுகள் 1885 இல் நூலாயின.

அதே ஆய்வில் பைரனின் டான் ஜுவான் காவியப் பாடல்களையும் அவர் மனனம் செய்தார். ஏறத்தாழ 80 அசை கொண்ட ஒரு பாடலுக்கு ஒன்பது முறைக்கும் குறைவான படிப்பே போதியதாயிற்று. பொருளற்ற அசைகள் அத்தனைக்கு 70 முதல் 80 முறை வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார். பொருளும் சந்தமும் எதுகையும் ஒரே மொழியின் உறவும் கூடி உழைப்பைப் பத்தில் ஒன்றாக்கின. சொல்லிலிருந்து பொருளை விலக்கிப் பார்த்தவரே பொருளின் வலிமையை எண்ணால் நிறுவினார் எனலாம்.

1890 இல் ஆர்தர் கோனிக்குடன் உளவியல் ஆய்விதழ் ஒன்றை நிறுவினார். 1897 இல் பிரெஸ்லா நகரப் பள்ளிச் சிறாரை ஆராய, இடையிடையே சொற்களை விடுத்த உரைப்பகுதிகளைக் கொடுத்து நிரப்பச் செய்தார். மனனத் திறனையும் கணக்குத் திறனையும் விட, விடுபட்ட சொல்லைப் பொருளுணர்ந்து இட்டு நிரப்பும் ஆற்றலே மாணவரின் தரத்தைத் தெளிவாகக் காட்டிற்று. பின்னர் பினேயின் அறிவுத்திறன் சோதனையிலும் இம்முறை இடம்பெற்றது.

பல்லாண்டுகள் கழித்து, தாம் முன்பு உருப்போட்ட பைரன் பாடல்களை எபிங்ஹவுஸ் மீண்டும் எடுத்தார். நினைவில் அவை அறவே இல்லை. எனினும் மறுபடி கற்கையில் உழைப்பு சிறிது குறைந்தது. மறந்த கவிதையும் முற்றிலும் அகலவில்லை என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

1909 பிப்ரவரி 26 அன்று, 59 ஆம் வயதில், ஹாலே நகரில் நுரையீரல் அழற்சியால் அவர் மறைந்தார்.