மருந்துலக மேதை சுப்பாராவ்

நம் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்ற நாள் 2022 சனவரி 12. அதே சனவரி 12-ஆம் நாள், 1895-இல், ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வறுமையில் வளர்ந்த அவர், மூன்றாம் முறை எழுதியே மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தியதால் வெள்ளைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. இதனிடையே ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று. அத்துயரம் அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

1922-இல் பாஸ்டன் சென்றார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்ந்தார். அரிய கண்டுபிடிப்புகளைச் செய்தும் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று!

உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதைப்போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால், புற்றணுக்கள் ஏமாந்து பெருக்கம் இழக்கும். அவ்வாறு பிறந்ததே அமினாப்டெரின். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார்; 10 பேர் தேறினர். ஆயினும் சில திங்களில் நோய் திரும்பியது. அம்முடிவு வெளியான 1948-லேயே, ஆகஸ்டில், சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் மறைந்தார்.

ஒற்றை மருந்து போதாதென்று உணர்ந்த பின்வந்தோர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். அமினாப்டெரினின் இனமான மெதோட்ரெக்சேட்டும் அவற்றுள் ஒன்று. இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், அந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

இன்று கணையப் புற்றுநோயிலும் அதே பாடந்தான். அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகளில் கே-ராஸ் என்னும் மரபணு பழுதுற்றிருக்கிறது. அதைக் குறிவைக்கும் மருந்தைக் கட்டி நாளடைவில் ஏய்த்துவிடுகிறது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தோ, தனியே கொடுத்தால், கட்டியைச் சூழ்ந்த நார்ச்சுவரைத் தாண்டிப் பெரும்பாலும் பயன்தருவதில்லை. முன்னது அரணைத் தளர்த்த, பின்னது உள்ளே புகுமா என்று இரண்டையும் இணைத்து அறிஞர்கள் ஆய்ந்து வருகின்றனர்.

நண்பர்களே! பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் நம்முள்ளும் தேர்வில் தவறியோர் உண்டு. மும்முறை எழுதித் தேறியவர் உலகுக்கு மருந்து தந்தார் என்பதை நாம் மறவாதிருப்போமாக!