தவளேஸ்வரத்தில் ஒரு வீடு

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போற ரயில்ல எப்பவாவது ஏறியிருக்கீங்களா? கொவ்வூர் தாண்டினதும் வண்டி ஒரு பாலத்துல ஏறும். போய்க்கிட்டே இருக்கும், கரை வராது. கீழே கோதாவரி. ஒருவழியா வர்ற எதிர்க்கரைதான் ராஜமுந்திரி. ஊருக்குப் பெயர் கொடுத்த ராஜராஜ நரேந்திரன் வேற யாருமில்ல, நம்ம தஞ்சாவூர் ராஜராஜ சோழனோட மகள் வயிற்றுப் பேரன். அவனோட மகன்தான் முதலாம் குலோத்துங்கன்.

அந்த ஊருக்குக் கொஞ்சம் தெற்கே, அதே ஆற்றங்கரையில் தவளேஸ்வரம். அங்கே ஒரு பழைய வீடு இப்போ மியூசியமா இருக்கு. அதில் வாழ்ந்த ஆர்தர் காட்டனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிவில்காரங்க கண்டிப்பா படிங்க, மத்தவங்களும் படிக்கலாம், ஃபார்முலா எதுவும் கிடையாது.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினெட்டு வயசுல, அதாவது நாம ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கிட்டிருந்த வயசுல, கம்பெனியின் இன்ஜினியராக மெட்ராஸ் வந்து இறங்கிவிட்டார். பாம்பன் கால்வாயை சர்வே செய்தார், பர்மா போருக்குப் போனார். அப்புறம் தஞ்சாவூர்.

அங்கே பிரச்சினை என்னன்னா, கொள்ளிடத்தின் படுகை காவிரியை விடத் தாழ்வு. தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மணல் மேடாகிக்கொண்டிருந்தது. 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார் காட்டன். ஆழம் தெரியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது? அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்த ப்ரொஃபசர் கல்லணைதான். மணலில் பெரிய கல்லைப் போட்டால் புதையும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஒரு கட்டத்தில் புதைவது நின்றுவிடும், அதுதான் அஸ்திவாரம். நம்ம ஊர்க்காரங்க பல நூற்றாண்டுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது.

முக்கொம்பில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் புகுந்து அரிக்க ஆரம்பித்தது. சில வருடத்தில் அணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைக்க வேண்டி வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். முதல் ட்ரையலிலேயே வொர்க் ஆன ப்ராஜெக்ட் எதுவும் நான் பார்த்ததில்லை!

கோதாவரிக் கதை இன்னும் கொடுமை. 1833 பஞ்சத்தில் அந்தப் பகுதியில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1821-ல் ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ராஜமுந்திரி மாவட்டத்தில், 1841-ல் இருந்தது ஐந்தரை லட்சம் சொச்சம்தான். இத்தனைக்கும் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய ஆறு, வருஷா வருஷம் வெள்ளம். அந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்பலாம் என்று காட்டன் திட்டம் எழுதிக் கொடுத்தார். கம்பெனி சம்மதித்தது. கருணையினால் மட்டும்தான்னு நினைக்காதீங்க, ஜனங்க செத்தால் நிலவரி வராது.

1847-ல் வேலை தொடங்கியது. நடுவில் தீவுகள் இருந்ததால் நான்கு துண்டுகளாக, மொத்தம் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் அணை. பக்கத்துக் குன்றிலிருந்து கல் வெட்டி, தண்டவாளம் போட்டு இழுத்து வந்தார்கள். ஆட்களைத் திரட்டி வேலை வாங்குவதில் வீணம் வீரண்ணா என்ற உள்ளூர்க்காரர் பெரிய துணை. கல் சுமந்த ஆயிரக்கணக்கான பேரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆரம்பித்த அடுத்த வருடமே காட்டனுக்கு உடம்பு விழுந்துவிட்டது. 1848-ல் பொறுப்பை கேப்டன் ஓர் என்பவரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியா போனார். பாதி கட்டிய அணையை விட்டுட்டுப் போறவன் மனசு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. 1850-ல் திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது. டெல்டா நெல் வயலானது.

அப்புறம் அவர் பிடித்த பிடிவாதம் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு ரயிலை விடக் கால்வாய்தான் தேவை, பாசனமும் ஆகும், படகும் ஓடும் என்றார். ஊர் ஊராக ஆறுகளை இணைக்கணும் என்றார். 1878-ல் லண்டனில் பாராளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, சரமாரியான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. வேடிக்கை என்னன்னா, 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் கொண்டுவர ஓடிய, நாட்டின் முதல் ரயில் பாதையைப் போட்டவரும் இவரேதான்.

கோதாவரிக்காரங்களுக்கு அந்தச் சண்டையெல்லாம் பொருட்டில்லை. டெல்டாவில் ஊருக்கு ஊர் அவர் சிலை நிற்கிறது. பழைய அணைக்குப் பதிலாக 1982-ல் வந்த புது பேரேஜுக்கும் அவர் பெயர்தான்.

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் இருந்தார். வயசு தொண்ணூறைத் தொட்ட பிறகும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறிவிட்டு, கோதுமை எவ்வளவு விளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலையில் இறந்தபோது அவருக்கு 96 வயது.