மானிப்பாய் டாக்டர்

இன்ஜினியரிங், மெடிசின் எல்லாம் தமிழ்ல படிக்க முடியுமான்னு நாம இன்னும் விவாதம் பண்ணிக்கிட்டே இருக்கோம். ஆனா 1860-களிலேயே யாழ்ப்பாணத்துல ஒருத்தர் மருத்துவத்தைத் தமிழ்ல சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உருவாக்கினார். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பேர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர், நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். சொந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தன் படிப்பும் திறமையும் கடவுள் கொடுத்தது, அது மத்தவங்களுக்குப் பயன்படணும்ங்கிறது அவர் நம்பிக்கை. 1847-ல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆரம்பத்தில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்களோ அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளிக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. நமக்கும் தெரிஞ்ச கதைதானே! தமிழில் படித்தவர்கள் தங்கள் மக்களோடேயே இருப்பார்கள் என்று யோசித்த கிரீன், வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போறது? தமிழ் கற்றுக்கொண்டவர், தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். அறுவை சிகிச்சைக்கு இரண வைத்தியம், உடற்கூறுக்கு மனுஷ அங்காதிபாதம், வேதியியலுக்கு கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடினார்கள். கிடைக்கலைன்னா சமஸ்கிருதம். அதுவும் சரிவரலைன்னா ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டார்கள். இப்படி உருவானது 4000 பக்கங்களுக்கும் மேல். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் 60 பேருக்கும் மேல்.

கிரீன் கிறிஸ்தவம் பரப்ப வந்தவர்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் கிறிஸ்தவராக மாறியவர் வெள்ளைக்காரர் மாதிரி உடுத்தணும், வாழணும்ங்கிறதை அவர் ஏற்கலை. தமிழர் தமிழராகவே இருக்கட்டும் என்றார்.

1873-ல் நாடு திரும்பினார். அங்கே போயும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடலை. 1884-ல் வூஸ்டரில் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்தார்கள்.

மானிப்பாய் மருத்துவமனை இன்றைக்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்விதான் நிலைக்கலை. யாழ்ப்பாணத்து நோயாளிக்காக ஒரு அமெரிக்கர் தமிழ் படித்தார். நாம படிச்சதை நம்ம ஊர்ல ஒருத்தருக்காவது புரியிற மாதிரி தமிழ்ல சொல்ல, நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லையே!